பதினைந்துக்கு இரண்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு என்ன பட்டம் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறேன். அத்தனை வருடமும் வகுப்பில் சத்தம் போட்டுத்தான் படிப்பித்திருக்கிறேன். ஆனால் ஒரு பாடம் வந்தால் மட்டும் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

பதினோராம் வகுப்பின் பாடப் பகுதியில் இருந்த ஒரு சிறுகதை அது. கடும் கோடை. கிணறுகள் வற்றிக் கிடக்கும் ஊர். முதுகில் மூட்டையோடு ஒரு கூலிக்காரன் தாகத்தில் தள்ளாடி வருகிறான். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று தண்ணீர் கேட்கிறான். அவன் இன்னார் என்று தெரிந்ததும் எல்லாரும் கதவைச் சாத்துகிறார்கள். கடைசியில் ஒரு பெரிய வீட்டு அம்மையார், கணவன் மறித்தும் கேளாமல், செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவன் ஏந்திய கைகளில் வார்க்கிறார். அவன் குடிக்கிறான். அவனுடைய கண்ணீரும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிறது.

அந்த வரி வந்தால் எனக்கு அழுகை வரும். ஒவ்வொரு வருடமும் வரும். முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். நான் மூக்கை உறிஞ்சிவிட்டு, அம்மையாரின் இரக்கம், துணிவு, ஏற்றத்தாழ்வு பாராமை, உயிர்களிடத்து அன்பு என்று விளக்கிக் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். சோதனையில் அதைத்தான் கேட்பார்கள், அதற்குத்தான் புள்ளி.

அந்த வருடம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அச்சுவேலிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாள். மெலிந்த பிள்ளை, கதைப்பது குறைவு. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தட்டுத்தடுமாறித்தான் தேறுவாள். தமிழ் இலக்கியத்தில் மட்டும் அவளுடைய கொப்பியைத் திறந்தால் எனக்கு மூட மனம் வராது. வகுப்பில் மற்ற முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே வசனத்தைப் பாடமாக்கி எழுதிவைக்க, இவள் மட்டும் தன்னுடைய சொல்லில் எழுதுவாள்.

முதலாந் தவணை முடிகிற நேரம் ஒருநாள் அவளிடம், "உயர்தரத்துக்குத் தமிழ் எடு பிள்ளை, எங்கையோ போவாய்," என்றேன்.

"எடுக்க விருப்பம் ரீச்சர். ஆனா அம்மா சொன்னவ, தமிழ் இலக்கியத்திலை ஏ வந்தாத்தான் மேலை படிக்கலாமெண்டு. இல்லாட்டித் தையல் வேலைக்குப் போகட்டாம். எங்கடை ஒழுங்கையிலை ஒரு அக்கா போறவ. அவ இடம் பாத்துத் தாறனெண்டு சொல்லியிருக்கிறா."

"ஏன் இலக்கியத்திலை?"

"நான் கெட்டிக்காரியெண்டு நீங்கள் சொல்லுறதெல்லாம் அதிலைதானே ரீச்சர். அதிலையே வராட்டி வேறை எதிலை வரப்போகுதெண்டு கேக்கிறா. முன்னோடிச் சோதினையிலை என்ன வருதெண்டு பாத்துட்டுத்தான் பெரிய சோதினை மட்டும் படிக்க விடுறதோ எண்டு முடிவெடுப்பாவாம்."

தாயின் கணக்கு நியாயமான கணக்குத்தான். அந்தத் தாயை நான் கண்டதில்லை என்றே நினைத்திருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்ததில்லை. வேலை நாள் என்று பிள்ளை சொல்வாள். நானும் மேற்கொண்டு கேட்டதில்லை.

எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட. வீட்டுக்குப் பின்னால் நாலு பரப்புத் தோட்டம், வெங்காயம் போடுவோம். அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு என் கணவருக்கு அதுதான் உலகம். வெங்காயம் பிடுங்கிப் பிடி கட்டுகிற நாட்களில் ஐந்தாறு பெண்கள் லாண்ட்மாஸ்ரர் உழவுமெசின் பெட்டியில் ஏறி விடியவே வந்துவிடுவார்கள். ஆட்களை ஒழுங்கு பண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார். யார் வருவார்கள், எங்கிருந்து வருவார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. பத்து மணிக்குத் தேநீர் கொடுப்பது என்னுடைய பொறுப்பு.

இந்தத் தேநீரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நான் கடதாசிக் கப்பில்தான் கொடுப்பேன். நூறு கப் ஒரு பொதியாகக் கடையில் கிடைக்கும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரருக்கும் பள்ளிக்கூடத்து ஆட்களுக்கும் பீங்கான் கப், சோசரோடு. ஏன் இப்படி என்று யாராவது கேட்டிருந்தால், "ஆர் இருந்து கழுவுறது? எறிஞ்சால் போச்சு, சுத்தமும்," என்று படபடவென்று சொல்லியிருப்பேன். அது பொய்யென்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது. கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் இப்போது இதே கப்தானே என்றும் சொல்லியிருப்பேன். என்னுடைய மாமியார் இருந்த காலத்தில் தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் குடிக்கவென்று நெளிந்த அலுமினியப் பேணிகள் குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கும். மாமியார் போன பிறகு அதையெல்லாம் பழைய இரும்பு வாங்குகிறவனிடம் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். அதில் எனக்குப் பெரிய புளுகம், பெருமைதான். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கப்பைத்தான் மாற்றுவோம்.

வெங்காயம் பிடுங்கிய ஒரு சனிக்கிழமை அது. தட்டத்தில் ஆறு கடதாசிக் கப்போடு தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கரைப் பூவரசு நிழலில் பெண்கள் இருந்து பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏழாவதாக ஒரு ஆள். தலையில் துவாய் கட்டியிருந்தபடியால் முதலில் ஆளை மட்டுப்பிடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். என் வகுப்புப் பிள்ளை.

"ரீச்சர்!" என்று எழும்பி நின்றாள். பக்கத்திலிருந்த பெண்ணும் கையிலிருந்த மண்ணைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"இது அம்மா ரீச்சர். இண்டைக்கு வேலை கூடவெண்டு நானும் வந்தனான்."

அந்தப் பெண் இரண்டு போகமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர். நான் அவரைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. தன் மகள் என்னிடம் படிக்கிறாள் என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. என் பிள்ளை, நான் கொப்பியைத் தூக்கிக் காட்டி மற்றவர்களுக்கு வாசித்த பிள்ளை, வெங்காயத் தறையில் நிற்கிறாள். கப்பும் ஒன்று குறைகிறது. "நில்லு, வாறன்," என்றுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பொன்விளிம்பு போட்ட பீங்கான் கப் ஒன்றை எடுத்துக் கழுவி, தேநீர் ஊற்றி, சோசரும் வைத்து, கூட இரண்டு பிஸ்கற்றும் வைத்துக் கொண்டுபோய் அவளுடைய கையில் கொடுத்தேன்.

தாயின் கையில் கடதாசிக் கப் இருந்தது.

பிள்ளை தன் கப்பைப் பார்த்தாள். தாயின் கப்பைப் பார்த்தாள். பிறகு சோசரோடு அதைத் தாயின் பக்கம் நீட்டினாள். தாய் கண்ணாலேயே உறுக்கினார். "ரீச்சர் உனக்கெண்டு கொண்டந்தவ. குடி பிள்ளை," என்றார் மெல்ல. மற்றப் பெண்கள் குனிந்து பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை குடித்தாள். குடித்து முடித்ததும் தொட்டியடிக் குழாயில் கப்பையும் சோசரையும் கழுவித் தொட்டிக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வேலைக்குப் போய்விட்டாள். பிஸ்கற் இரண்டும் தாயின் மடியில் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. சந்தோசமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? மத்தியானம் சோறு போடும்போது கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "இஞ்சேருங்கோ, என்ரை பிள்ளையெல்லே! கடதாசிக் கப்பிலை குடுக்க மனம் வரேல்லை. நல்ல கப்பிலைதான் குடுத்தனான்."

அவர் குழம்பை விட்டுக் குழைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப தாய்க்கு?"

"தாய்க்கு என்ன?"

"தாய்க்கு எதிலை குடுத்தனீர்?"

"கண்டறியாத கேள்வி கேக்காமல் சாப்பிடுங்கோ," என்று சீறினேன். அவர் சாப்பிட்டார். மனுசனுக்கு அதற்குமேல் கதைக்கப் பயம்.

மூன்று கிழமையில் முன்னோடிச் சோதனை வந்தது. அந்தக் கதையிலிருந்து நானே கேள்வி போட்டேன். 'அம்மையாரின் பாத்திரத்தின் ஊடாக வெளிப்படும் மனிதநேயத்தை விளக்குக.' பதினைந்து புள்ளி. விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினேன். இரக்கம், துணிவு, ஏற்றத்தாழ்வு பாராமை என்று எல்லாத் தாளும் ஒரே தாள்போல இருந்தது. பிறகு அவளுடைய தாள் வந்தது. முதல் கேள்விகளுக்கெல்லாம் அருமையாக எழுதியிருந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

'அம்மையார் தண்ணீர் கொடுத்தது நல்ல செயல். அவர் கொடுத்திராவிட்டால் அவன் இறந்திருப்பான். ஆனால் அவர் செம்பை அவன் கையில் கொடுக்கவில்லை. செம்பு அவனில் படாதபடி உயரத்தில் பிடித்து வார்த்தார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு அவர் அப்படி வார்த்திருக்க மாட்டார். ஆளைப் பார்த்துப் பாத்திரத்தை மாற்றுகிறவரிடம் இரக்கம் இருக்கலாம். ஏற்றத்தாழ்வு பாராதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இரக்கப்படுகிறவருக்கு அன்று இரவு நல்ல நித்திரை வரும். வாங்கிக் குடித்தவருக்கு வருமா என்று கதையில் சொல்லப்படவில்லை.'

வாசித்தேன். பிறகும் வாசித்தேன். காது இரண்டும் சுட்டது. இது கதையிலுள்ள அம்மையாருக்கு எழுதியது அல்ல, எனக்கு எழுதியது. என்ன துணிவு! என் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு, என் சோதனைத் தாளிலேயே எனக்குப் படிப்பிக்கிறாளோ? இருபது வருடமாக நான் அழுத கதையில் பிழை பிடிக்கிறாளோ? சிவப்புப் பேனையை எடுத்தேன். 'கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதவும்' என்று அடியில் எழுதி, பதினைந்துக்கு இரண்டு புள்ளி போட்டேன். கூட்டிப் பார்த்தால் மொத்தம் அறுபத்தாறு. ஏ எடுக்க எழுபத்தைந்து வேண்டும். எனக்கு அது தெரியும். தாயின் நிபந்தனையும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டேன். புள்ளித்திட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் தாளை வாங்கி, பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அன்று முழுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் என்னிடம் பேச்சு வாங்கினார்கள்.

அடுத்த நாள் இடைவேளைக்கு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே நான் தனியத்தான் இருந்தேன்.

"என்ன?" என்றேன்.

"அம்மா உங்களிட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவ ரீச்சர்."

"என்னத்துக்கு?"

"நான் சோதினையிலை எழுதினதுக்கு."

"கொம்மாவுக்கு என்னெண்டு தெரியும்?"

"அறுபத்தாறு ஏன் வந்ததெண்டு கேட்டவ. தாளை வாசிச்சுக் காட்டினனான். சரியாப் பேசிப்போட்டா." தாய் சொன்னதை அப்படியே ஒப்புவித்தாள். "'அந்த மனிசி பள்ளிக்கூடத்து ரீச்சர். உனக்கெண்டு வெயிலுக்கை ஓடிப்போய்க் கொண்டந்து தந்தவ. அவவுக்கு உன்னிலை எவ்வளவு பட்சம் இருந்தால் அப்பிடி ஓடியிருப்பா? அவவின்ரை மனம் நோகப்பண்ணிப்போட்டாய். தேத்தண்ணி எதிலை தந்தாலென்ன, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா' எண்டவ. உங்களுக்குச் சரியா நொந்திருக்குமாம் ரீச்சர். அதுதான் ரெண்டு போட்டிருப்பியளாம்."

அந்தப் பெண் என்னை ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டார். பள்ளிக்கூடம் எத்தனையாம் வகுப்பு வரை போனாரோ தெரியாது. கடதாசிக் கப்பில் குடித்தவர், தன் மகளின் படிப்பை வெட்டிவிடக்கூடிய புள்ளியைப் போட்டவளுக்கு நொந்திருக்கும் என்று இரங்கி, ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லாய் வெட்கமாக இருந்தது.

சும்மா "சரி, போ" என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு, ரீச்சர் என்ற மரியாதையையும் வைத்துக்கொண்டிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல்.

"நீ சொல்லு," என்றேன். "நீ எழுதினது பிழையோ?"

"இல்லை ரீச்சர்," என்றாள் உடனே. பிறகு யோசித்தாள். "நான் எழுதினது சரிதான். ஆனா அம்மா சொல்லுறதும் சரிதான்."

"இஞ்சை கொண்டா தாளை."

பைக்குள் வைத்திருந்தாள். அவளுக்கு முன்னாலேயே இரண்டை வெட்டிப் பதின்மூன்று என்று போட்டேன். மொத்தத்தை எழுபத்தேழு என்று மாற்றிப் பக்கத்தில் என் கையெழுத்தையும் வைத்தேன். நான் எழுதிய வசனத்தையும் வெட்டினேன். தாளை அவளிடம் நீட்டினேன்.

"நீ மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. நான்தான் கேக்கவேணும். எனக்குச் சுட்டது, அதாலைதான் ரெண்டு போட்டனான். அதுக்குப் புள்ளித்திட்டம் காரணமில்லை. கொம்மாவிட்டை இதை இப்பிடியே சொல்லு."

"ஓம் ரீச்சர்."

"பெரிய சோதினையிலை இந்தக் கதையிலை கேள்வி வந்தா, இதையே எழுது. இன்னும் வடிவா எழுது. விளங்குதே? உன்ரை கண்ணுக்குப் பட்டது எனக்கு இவ்வளவு வருசமாப் படேல்லை."

"ஓம் ரீச்சர்," என்றாள் திரும்பவும். முகத்தில் சிரிப்பு வந்ததா என்று பார்த்தேன். தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமையே வகுப்பில் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். அம்மையார் ஏன் செம்பை உயரத்தில் பிடித்தார் என்று கேட்டேன். பிள்ளைகள் முழித்தார்கள். "குறிப்பிலை அது இல்லையே ரீச்சர்," என்று ஒருத்தி சொன்னாள். "இல்லைத்தான், நான்தான் எழுதேல்லை," என்றேன்.

அடுத்த போகத்துக்கு, சுன்னாகத்தில் ஒரு டசின் பீங்கான் கப் வாங்கினேன். "சோசரும் வாங்கினனீரோ?" என்று கணவர் பகிடி பண்ணினார். அலுமாரியில் இருந்ததையும் இறக்கி எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். அன்று தட்டத்தோடு தோட்டத்துக்குப் போனபோது தாய்க்குச் சொல்வதற்கென்று நாலைந்து வசனம் கட்டி வைத்திருந்தேன். அவர் கப்பை வாங்கினார், குடித்தார், "நல்ல தேத்தண்ணி ரீச்சர்," என்றார். கப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஏ வருமோ ரீச்சர்? அவளுக்குப் படிக்கத்தான் ஆசை. தையலுக்கு விட எனக்கும் மனமில்லை, ஆனா வீட்டு நிலைமை அப்பிடி," என்று கேட்டார். வரும் என்று சொன்னேன். கட்டி வைத்திருந்த வசனங்களில் ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு எழுத்து. என் மன்னிப்பை வைத்து அவர் என்ன செய்வார்?

சாதாரணதரப் பரீட்சை, அந்தப் பெரிய சோதனை, வந்தது. தமிழ் இலக்கிய வினாத்தாளை வெளியே கொண்டுவந்த பிள்ளையிடம் பறித்துப் பார்த்தேன். அந்தக் கதையிலிருந்து கேள்வி வந்திருந்தது! அம்மையாரின் பாத்திரம்தான். வளவுக்குள்ளேயே துள்ளிக் குதிக்காத குறை. இந்தத் தாளைத் திருத்தப்போகிறவர் இவளுடைய விடையை வாசித்து ஒருகணம் பேனையைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். அவள் மற்றப் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டாள்.

பெறுபேறு வந்த அன்று காலையில் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்வாசலால் கூட்டிவந்து விறாந்தைக் கதிரையில் இருத்தினேன். தாய் கதிரையின் நுனியில்தான் இருந்தார். பிள்ளை தாளை நீட்டினாள். தமிழ் இலக்கியம், ஏ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனித் தையல் கதை எடுக்கக்கூடாது," என்றேன். "இல்லை ரீச்சர், படிக்கட்டும்," என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தக் கேள்விக்கு என்ன எழுதினனி? சொல்லு, சொல்லு. முன்னோடியிலை எழுதினதை விட வடிவா எழுதினியோ?"

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இல்லை ரீச்சர். எல்லாரும் எழுதிற மறுமொழியைத்தான் எழுதினனான். அம்மையார் ஏற்றத்தாழ்வு பாராதவர் எண்டு."

"ஏன் பிள்ளை?"

"திருத்திறவை ஆரெண்டு தெரியாதே ரீச்சர். அவையளும் ரெண்டு போட்டால், மன்னிப்புக் கேக்க நான் எங்கை தேடிப் போறது?" சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பயந்தவள்போல, "பிழையே ரீச்சர்?" என்று கேட்டாள்.

"பிழையில்லை பிள்ளை," என்றேன். பிழையேயில்லை. எதை எழுதினால் புள்ளி கிடைக்கும், எதை எழுதினால் வெட்டு விழும் என்று அவளுக்குப் படிப்பித்தவள் நான். அவள் கெட்டிக்காரி, ஒரே தடவையில் படித்துவிட்டாள்.